மாம்பழம் என்று எழுதாமலே மாம்பழத்தைத் தர முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுவையூட்டிய நிகோட்டின் பொருட்களைத் தடை செய்வது பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். "கெடுதல் செய்வது நிகோட்டின். அதை விட்டுவிட்டு ஸ்ட்ராபெரி வாசனையைத் தடை செய்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 31 ஆண்டுகள் எசன்ஸ் கலப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

எசன்ஸ் என்றதும் எல்லோரும் மிட்டாயையும் குளிர்பானத்தையும்தான் நினைப்பார்கள். அதுவும் செய்தேன். ஆனால் என் உழைப்பில் பாதி போனது குழந்தைகளுக்கான மருந்து சிரப்புகளுக்கு. கசக்கிற மருந்தைக் குழந்தை துப்பாமல் விழுங்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கசப்பை அழிக்க முடியாது. இனிப்பும் பழ வாசனையும் முதலில் வரும், கசப்பு சற்றுத் தாமதமாக வரும். அது வந்து சேர்கிற நேரத்தில் நாக்கையும் மூக்கையும் வேறு வேலையில் வைத்திருக்க வேண்டும். முதலில் ஒரு பழம், நடுவில் வெனிலா மாதிரி ஏதாவது, கடைசியில் தொண்டைக்கு லேசான குளிர்ச்சி. சரியாக அமைந்துவிட்டால் குழந்தை இன்னொரு ஸ்பூன் கேட்கும்.

அந்த இன்னொரு ஸ்பூனுக்கு எங்கள் தொழிலில் எப்போதும் பயந்தோம். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆஸ்பிரின் ஆரஞ்சுச் சுவையில் விற்பனைக்கு வந்தது. மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளைகள் அள்ளி விழுங்கினார்கள். குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 1970-ல் அங்கே சட்டமே வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் மேலதிகாரி எனக்குச் சொன்ன முதல் கதை அதுதான். நாம் செய்கிற பொருள் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு கெட்டியான மூடி போட வேண்டும் என்பார்.

இனி நிகோட்டினுக்கு வருகிறேன். அது கசக்கும், மிளகு மாதிரி தொண்டையைச் சுடும். முதன்முதலாக சிகரெட் இழுத்தவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இருமியதைத்தான் சொல்வார். பல பிள்ளைகள் அந்த முதல் இருமலோடு விட்டுவிடுவார்கள். வேப், அதாவது நிகோட்டின் திரவத்தை ஆவியாக்கி இழுக்க வைக்கிற மின் சிகரெட், அதைத் தயாரிக்கிறவர்கள் அந்த இருமலை இரண்டு வழியில் எடுத்துவிட்டார்கள். ஒன்று, நிகோட்டினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உப்பாக்குவது. காரத்தன்மை குறைந்து தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். 2015-ல் அமெரிக்காவில் ஒரு பிரபல பிராண்டு இந்த நிகோட்டின் உப்போடு வந்த பிறகு சந்தையே மாறிப்போனது. இன்னொன்று, நான் சிரப்புக்குச் செய்த அதே வேலை. பழம், வெனிலா, குளிர்ச்சி. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகளில் யாராவது அங்கே இருக்கிறார்களோ என்னவோ.

அந்த வாசகருக்கு என் பதிலில் பாதி இதுதான். நிகோட்டின் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பிடித்து வைக்க முதலில் ஆள் உள்ளே வர வேண்டுமே. அமெரிக்காவில் 2024-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் வேப் பிடிக்கிறவர்களாக இருந்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேர் சுவை சேர்த்ததைத்தான் பிடித்தார்கள். 2019-ல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் பிடித்தார்கள், அந்த அளவுக்கு இப்போது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்திருக்கிறது. ஆனால் மிச்சம் இருப்பவர்கள் எதைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மிச்சப் பாதியை என் வீட்டிலிருந்து சொல்கிறேன்.

போன ஆண்டு, என் மகள் வயிற்றுப் பேரனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருந்தது. பையனுக்கு 15 வயது. பாடப் புத்தகத்தில் கோடு போடுகிற மார்க்கர் என்று நினைத்தேன். மூடியைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் முகர்ந்து பார்ப்பது என் பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. முகர்ந்தேன். மாம்பழம்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. 'யாரோ நன்றாகச் செய்திருக்கிறார்கள்' என்றுதான் தோன்றியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். மேலே, காம்புப் பக்கம் கிள்ளினால் வருமே, அந்தப் பச்சை நெடி. அதன் கீழே எத்தில் பியூட்டிரேட்டின் பழ வாசனை. அடியில் காமா டெக்காலாக்டோன், நன்றாகப் பழுத்த சதையின் கொழகொழப்பைத் தருவது. இதற்கெல்லாம் மேல் பஞ்சு மிட்டாய் வாசனை தருகிற எத்தில் மால்டாலைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். பெரியவர்களுக்கென்று செய்தால் நான் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போட்டிருக்க மாட்டேன். குச்சியின் பக்கவாட்டில் 'ஐஸ்' என்றும் எழுதியிருந்தது. ஆனால் மெந்தால் வாசனை துளியும் இல்லை. அப்படியானால் டபிள்யூ.எஸ்.23 போன்ற மணமே இல்லாத குளிரூட்டியாகத்தான் இருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். 10 மில்லிலிட்டர், நிகோட்டின் 5 சதவீதம். கணக்குப் போட்டேன். ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம், ஆக மொத்தம் 500. ஒரு சிகரெட்டிலிருந்து புகைப்பவர் உடம்பில் சேருவது ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிகிராம். குச்சியில் இருப்பதில் பாதிக்கு மேல் காற்றில் வீணாகப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் தலை சுற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கவே கூடாது.

பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெறும் ஃபிளேவர்தான் பாட்டி" என்றான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தான். 5 சதவீதம் என்று எழுதியிருக்கிறதே என்றேன். "நூத்துக்கு அஞ்சுதானே!" என்றான். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பையன்.

நான்கு மாதமாகப் பிடித்திருக்கிறான். நண்பன் கொடுத்தது, அவனுக்கு அண்ணன் கொடுத்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? சிகரெட் பிடித்தால் சட்டையே காட்டிக்கொடுத்துவிடும். இது சூயிங்கம் மென்றவன் வாய் மாதிரி மணக்கிறது. வாசனையை வைத்தே வாழ்ந்த நான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான்கு மாதம் கண்டுபிடிக்கவில்லை. பெற்றோர்கள் கண்காணிக்க வேண்டியதுதானே என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். என் மூக்குக்கே அந்தக் கதி ஐயா.

நிறுத்துவது அவன் நினைத்த மாதிரி இல்லை. முதல் இரண்டு வாரம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். தூக்கம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில், பாதித் தூக்கத்தில், தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். 25 வயது வரைக்கும் மூளை வளர்ந்துகொண்டே இருக்கும், அந்த வயதுக்குள் நிகோட்டின் பழகினால் அதிலிருந்து மீள்வது பெரியவர்களைவிடக் கஷ்டம் என்றார். ஆறாவது வாரத்தில் ஒரு முறை மறுபடி இழுத்துவிட்டு அவனே வந்து சொன்னான். அன்றைக்கு அவன் அம்மாவைத் திட்ட விடாமல் நான் தடுத்தேன். இப்போது விட்டுவிட்டான் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன்: மாம்பழத்துக்குப் பதிலாக அதில் புகையிலை வாசனை வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? யோசிக்கவே இல்லை. "அந்த நாத்தத்தை எவன் பாட்டி இழுப்பான்?"

சரி, தடை வேண்டும் என்கிறேன். எப்படிப்பட்ட தடை என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அமெரிக்கா 2009-ல் பழச்சுவை, மிட்டாய்ச் சுவை சிகரெட்டுகளைத் தடை செய்தது, மெந்தாலை விட்டுவிட்டது. 2020 தொடக்கத்தில் வேப் பக்கம் வந்தபோது, கழற்றி மாட்டுகிற குப்பிகளில் பழச்சுவை கூடாது என்று நடவடிக்கை எடுத்தார்கள், அதிலும் மெந்தாலுக்கு விலக்கு. திரவம் தீர்ந்ததும் அப்படியே தூக்கிப் போடுகிற கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. பிள்ளைகள் மொத்தமாக அதற்குத் தாவினார்கள். புகையிலையிலிருந்து எடுத்த நிகோட்டின் என்று சட்டத்தில் இருந்ததால், ஆய்வுக்கூடத்தில் செய்த நிகோட்டினைப் போட்டுத் தப்பித்தார்கள். 2022-ல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். உடனே நிகோட்டினின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி 6-மெத்தில் நிகோட்டின் என்று ஒன்று கிளம்பியது, இதில் நிகோட்டினே இல்லை என்று சொல்லிக்கொண்டு. கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு 2022 டிசம்பரில் மெந்தால் உட்பட சுவைத் தடை வந்தது. சில நாட்களிலேயே மெந்தால் இல்லாத, ஆனால் அதே குளிர்ச்சி தருகிற சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. நான் மேலே சொன்ன மணமில்லாத குளிரூட்டிகள்தான். குளிர்ச்சி என்கிற உணர்வையும் சேர்த்து 2024-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. 'மாம்பழம்' என்று பெட்டியில் எழுதாமல் மாம்பழத்தைக் கொடுக்க எனக்குப் பத்து வழி தெரியும். மாம்பழம் என்றே அடையாளம் தெரியாமல், ஆனால் ஒரு குழந்தைக்குப் பிடிக்கிற மாதிரி, பெயரில்லாத ஒரு இனிப்பைச் செய்யவும் தெரியும். பெட்டியில் 'கடல் நீலம்' என்றோ 'மாலை நேரம்' என்றோ எழுதிக்கொள்ளலாம். எந்த அதிகாரி அதை என்னவென்று சொல்லித் தடுப்பார்? ஐரோப்பாவில் சிகரெட்டுக்குத் தனிச்சுவை இருக்கிறதா என்று தீர்மானிக்க, முகர்ந்து பார்க்கிற நிபுணர்களை வைத்திருக்கிறார்கள். என் இனத்தவர்கள், அவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி சந்தையில் குறைந்தது 16,000 வேப் சுவைகள் இருக்கின்றன. எத்தனை மூக்கு வேண்டும்?

என் தொழில் கண்ணுக்குச் சரியாகப் படுவது நெதர்லாந்து செய்திருப்பது. எது கூடாது என்று பட்டியல் போடாமல், எது கூடும் என்று போட்டுவிட்டார்கள். புகையிலைச் சுவைக்குத் தேவையான 16 பொருட்கள். 2024 ஜனவரியிலிருந்து வேப் திரவத்தில் சுவைக்காக அவற்றைத் தவிர வேறு எதையும் போட முடியாது. எத்தில் மால்டாலுக்கும் குளிரூட்டிக்கும் அங்கே இடமில்லை, பெட்டியில் என்ன பெயர் வைத்தாலும் சரி. ஒரு எசன்ஸ்காரியைக் கட்டிப்போட வேண்டுமானால் இப்படித்தான் கட்டிப்போட வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கருவிகள் பெரும்பாலும் சீனாவில் செய்யப்படுகின்றன. அந்தச் சீனாவே 2022 அக்டோபரிலிருந்து தன் நாட்டுக் கடைகளில் புகையிலைச் சுவை தவிர வேறு சுவை வேப்பை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஏற்றுமதிக்குச் செய்யலாம். இந்தியா 2019-ல் மின் சிகரெட்டையே முழுதாகத் தடை செய்தது, சிங்கப்பூரிலும் தடைதான். அங்கே உள்ளவர்கள் சுவைத் தடை நமக்கெதற்கு என்று நினைக்கலாம். திருட்டுத்தனமாக வருகிற சரக்கும் அதே ஆலைகளின் அதே மாம்பழம்தானே? செய்கிற இடத்திலேயே நின்றால்தான் நிற்கும்.

சுவைப் பொருட்கள் எல்லாம் சாப்பிடத் தகுந்தவைதானே என்று என்னிடம் கேட்பார்கள். சாப்பிட என்பதை அழுத்திச் சொல்லுங்கள் என்பேன். நாங்கள் வாங்குகிற பாதுகாப்புச் சான்று வாய்க்கும் வயிற்றுக்கும்தான். மூச்சில் இழுக்க அது பொருந்தாது என்று அமெரிக்காவில் சுவைப்பொருள் தயாரிப்பாளர்களின் சங்கமே சொல்லியிருக்கிறது. வெண்ணெய் வாசனைக்குப் போடுகிற டையசெட்டில் தின்றால் ஒன்றும் செய்யாது. 2000-ல் அமெரிக்காவில் ஒரு பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைத்துப்போனது தெரியவந்தது. அந்த வெண்ணெய் வாசனை ஆவியைத்தான் அவர்கள் நாள் முழுதும் சுவாசித்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் கலவைக் கூடத்தில் முகமூடி இல்லாமல் அந்த டப்பாவை யாரும் திறக்கக் கூடாது என்று விதி வந்தது. வேப் பிடிப்பவர்களுக்கும் அதே நோய் வரும் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு எனக்கு அறிவும் இல்லை. தின்கிற பொருளை ஆவியாக்கினால் அது வேறு பொருள் என்பது மட்டும் தெரியும். வெனிலின், செர்ரிக்குப் போடும் பென்சால்டிஹைடு போன்றவை வேப் திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலோடு சும்மா வைத்திருக்கும்போதே சேர்ந்து புதுச் சேர்மங்களாக மாறிவிடும். பெட்டியில் எழுதாத பொருள் பிள்ளையின் நுரையீரலுக்குள் போகும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதத்தை மட்டும் நான் அலட்சியம் செய்ய மாட்டேன். சிகரெட்டை விட முயல்கிற பெரியவர்களுக்கு வேப் உதவுகிறது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பும் அதைத்தான் சொல்கிறது. என் தம்பி 30 ஆண்டு புகைத்தவன். நிகோட்டின் சூயிங்கம் மென்றுதான் விட்டான், அதுவும் புதினாச் சுவை. 'உன் கம்முக்கு மட்டும் சுவை இருக்கலாமா?' என்று என்னை யாராவது கேட்டால் நியாயம்தான். ஆனால் அந்தக் கம்மை மருந்து என்று சோதித்து, இவ்வளவுதான் மெல்லலாம் என்று அளவு போட்டு, மருந்துக் கடையில் விற்றார்கள். நிகோட்டின் மெதுவாகத்தான் இறங்கும், எந்தப் பையனும் அதை ஆசைப்பட்டுத் திருடவில்லை. வேப்பும் அப்படியே வரட்டும். ஆஸ்திரேலியாவில் மருந்துக் கடைக்கு மட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள், புகையிலை, புதினா, மெந்தால் மூன்று சுவைதான். அந்தப் புதினாவையும் மெந்தாலையும் நான் எடுத்துவிடுவேன். அது என் பிடிவாதம்.

விடுவதற்கு உதவுகிற பொருள் என்றால் பெயராவது அந்த மாதிரி இருக்க வேண்டாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு வழக்கில், சுவை வேப்களுக்கு அனுமதி மறுத்த உணவு மருந்து நிர்வாகத்தின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அனுமதி கேட்டு வந்த திரவங்களில் ஒன்றின் பெயர், தமிழில் சொன்னால், அம்மாவின் பாலும் பிஸ்கட்டும். 40 ஆண்டு புகைத்த மனிதர் எவர் அதைக் கடையில் வாய்விட்டுக் கேட்பார்?

பதின்வயதுக்காரர்களுக்கு இனிப்புப் பிடிக்கும் என்பது தெரிந்ததே, தேன் சேர்த்துப் பார்க்கலாம் என்று 1972-லேயே ஒரு அமெரிக்க சிகரெட் நிறுவனத்துக்கு ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு வெளியான ஆவணங்களில் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஆக, வாசகர் கேட்ட கேள்விக்கு அந்தத் துறைக்காரர்களுக்கு அப்போதே பதில் தெரிந்திருக்கிறது.

அந்தக் குச்சியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் குப்பையில் போடக் கூடாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, என் பழைய மாதிரிப் புட்டிகளோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். திறந்தால் இன்றைக்கும் வாசனை வருகிறது.

இது சம்பந்தமாகச் சட்டம் எழுதுகிறவர்கள் யாராவது உங்கள் நாளிதழைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வரைவை எழுதி முடித்ததும் ஒரு நாள் என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு வயது 67, முழங்கால் சரியில்லை, மூக்கு மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. அந்தச் சட்டத்தை மீறாமல் ஒரு மாம்பழத்தைக் கலக்க முடிகிறதா என்று அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். முடிந்தால் அவர்கள் திருத்தி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எசன்ஸ் கலவையாளர்
(பேரனுக்காகப் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)